ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உயிர்ச்சத்துக்களின் ஸ்தானம்

குழந்தைகளைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிக்கும் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய், முக்கால் நூற்றாண்டுக்கு முன் சில மாதங்களில் உயிரைப் பறித்துவிடும் வியாதியாக இருந்து, இன்று தகுந்த சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் குணமடையும் வியாதியாக மாறியிருக்கிறது. ஆனால் அந்தக் குணம், இரண்டு மூன்று வருஷங்கள் நீடிக்கும் கீமோதெரபியின் உக்கிரத்தைத் தாங்கிய பிறகே வாய்க்கிறது. வாய்ப்புண், வாந்தி, வெள்ளணுக்கள் குறைவதால் வரும் ஜுரம், நரம்புத் தளர்ச்சி ஆகிய உபாதைகளுக்கிடையே, குழந்தைக்கு ஒரு வாய்க் கஞ்சியும் இறங்காத நிலையைக் காணும் பெற்றோர், வைட்டமின் டானிக் கொடுக்கலாமா என்று கேட்பது இயல்பே. அதற்குக் ‘கொடுக்கலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ ஒரே சொல்லில் விடையிறுப்பது சாஸ்திரத்துக்கு ஒவ்வாது என்பதும், எந்தச் சத்து, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில், எந்தக் குறையை நிர்ணயித்த பின் என்று பிரித்து ஆராய்வதே முறை என்பதும் இக்கட்டுரையின் கோட்பாடு.

இதற்கு வேண்டிய ஆதாரம் இச்சிகிச்சையின் பூர்வ சரித்திரத்திலேயே அமைந்திருக்கிறது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாரத்தால் அது நீங்கக் கண்டார். அச்சாரத்திலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் அவ்வமிலத்தின் சேர்மங்களை ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, நோய் தணிவதற்குப் பதில் வேகம் கொண்டதாக அவருக்குத் தோன்றியது. சத்து நோயை வளர்க்குமானால், சத்தை மறிப்பது நோயை ஒடுக்க வேண்டுமல்லவா? சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடம் ஆக்கியளித்த அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளை ஃபார்பர் பிரயோகித்து, 16 குழந்தைகளில் 10 பேரிடம் தற்காலிகமாகவேனும் முன்னேற்றம் காணப்பட்டதென 1948-இல் அறிவித்தார். வாய்ப்புண்ணும் அவ்வறிக்கையிலேயே இடம் பெற்றிருக்கிறது. பலனும் உபாதையும் ஒரே காரணத்தின் இரு காரியங்கள் என்பது அன்றே வெளிப்பட்டது.

அமினோப்டெரினை அடுத்து வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் இச்சிகிச்சையின் பிரதான மருந்துகளுள் ஒன்று. உயிரணு பெருகுவதற்கு வேண்டிய டி.என்.ஏ.யை ஆக்க, ஃபோலிக் அமிலத்தின் இனமான ஃபோலேட் இன்றியமையாதது. அதனைப் பயன்படும் வடிவுக்குக் கொணரும் நொதியை இம்மருந்து முடக்க, நோயணு மடிகிறது. இடைவிடாது புதுப்பிக்கப்படும் வாயின் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் உடன் வாடுகின்றன. மருந்தைப் பெரும் அளவில் ஏற்றும்போது, குறித்த நேரம் கழித்து, ஃபோலேட்டின் ஒரு வகையான லூக்கோவோரினைக் கொடுத்து நல்ல அணுக்களை மீட்கிறார்கள். முந்தினாலோ மிஞ்சினாலோ நோயணுவும் பிழைத்துக்கொள்ளக்கூடும். பிந்தினால் குழந்தை வதைபடும். ஆதலின் ரத்தத்தில் மருந்தின் அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்தே இந்த மீட்பு நடைபெறுகிறது. கடையில் வாங்கும் சத்து டானிக் புட்டியின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால், பி வகைச் சத்துக்களின் வரிசையில் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். வாரந்தோறும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை விழுங்கும் குழந்தைக்கு அன்போடு ஊட்டப்படும் ஒரு தேக்கரண்டி டானிக், வைத்தியர் அறியாமலே அவர் மருந்துக்கு முரணாக நிற்கலாம்.

எனினும் சத்துக் குறைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 103 குழந்தைகளை ஆறு மாதம் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பலர் வைட்டமின் ஏ முதலிய சத்துக்களைச் சிபாரிசு செய்யப்பட்ட அளவுக்கும் குறைவாகவே உண்டனர் என்பதும், வைட்டமின் சி அதிகம் உண்டவர்களுக்குச் சிகிச்சைத் தடங்கலும் மருத்துவமனையில் கழித்த நாட்களும் குறைந்தன என்பதும், வைட்டமின் ஈ அதிகம் உண்டவர்களைத் தொற்று குறைவாகப் பற்றியது என்பதும் புலனாயின. ஆயினும் இது கண்காணிப்பு ஆராய்ச்சியே. சத்துக் குறைந்ததால் உபாதை மிகுந்ததா, உபாதை மிகுந்த குழந்தை உண்ண மாட்டாமையால் சத்துக் குறைந்ததா என்பதை அது தீர்த்துவிடவில்லை. ரத்தப் பரிசோதனையும் இவ்வகை மயக்கத்துக்கு விலக்கன்று. தொற்றும் ஜுரமும் கண்டபோது, ஈரலில் சேமிப்பு இருந்தாலும் வைட்டமின் ஏ-யின் அளவு ரத்தத்தில் தாழ்ந்து காட்டும்.

மிகையால் தீங்கில்லை என்பாரும் உளர். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட பெரும் பரிசோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் கண்டது. அவர்கள் வயதும் வியாதியும் வேறாயினும், ஆகாரத்தில் நன்மை தரும் பொருள் மாத்திரையிலும் அதையே தரும் என்ற அநுமானம் நிலைக்காது என்பதற்கு அது போதிய சான்று.

வைட்டமின் டி-யின் விஷயம் வேறு. இச்சிகிச்சையில் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டுகள் எலும்பை நலிவிப்பதால், அந்தச் சத்தின் குறைவை அளந்து ஈடு செய்வது நியாயம். நம் நாட்டிலோ வறிய குடும்பத்துக் குழந்தைகள் பலர் நோய்க்கு முன்பே போஷாக்குக் குறைந்தவர்கள். ஆகவே சிகிச்சையின் தொடக்கத்திலேயே ஃபோலேட், பி12, டி ஆகியவற்றின் அளவும் உடல் எடையும் சோதிக்கப்பட வேண்டும். ஜுரம் தணிந்தபின் மறுமுறை பார்க்க வேண்டும். குறையை முதலில் ஆகாரத்தாலும், அது போதாதபோது மருத்துவக் குழு விதிக்கும் அளவாலும் நிரப்ப வேண்டும். பெற்றோர் தம் கையிலுள்ள டானிக், பொடி, லேகியம் ஒவ்வொன்றையும் வைத்தியரிடம் காட்டிய பின்னரே குழந்தைக்குக் கொடுப்பார்களாக.