தூக்கத்துக்கு அளவுகோல்

இரவு பஸ்ஸில் ஏறுகிறவர் தம் உயிரை முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். நாற்பது பேர் உறங்குவதற்காக ஒருவர் விழித்திருக்கிறார். அந்த ஒருவர் எவ்வளவு நேரம் விழித்திருக்கலாம் என்பதற்குச் சட்டம் வேண்டும் அல்லவா? ஜப்பான் தேசம் அந்தச் சட்டத்தை எழுதிய கதை, அழித்து அழித்து எழுதிய கதை.

அங்கே வாடகை பஸ் தொழில் வெகுகாலம் சர்க்காரின் கடிவாளத்தில் இருந்தது. இத்தனை பஸ் போதும் என்று கணக்குப் பார்த்தே அதிகாரிகள் உரிமம் கொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் கடிவாளம் தளர்ந்தது. தகுதி காட்டுகிற எவரும் தொழில் தொடங்கலாம் என்றாயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கம்பெனிகள் ஏறக்குறைய இரு மடங்காயின. போட்டியில் கட்டணம் சரிந்தது. பிரயாணிகளுக்குக் கொண்டாட்டந்தான். ஆனால் வரவு குறைந்தால் செலவும் குறைந்தாக வேண்டுமே! டீசல் விலையைக் குறைக்க முதலாளியால் முடியாது. இரண்டாவது டிரைவரைக் குறைக்க முடியும்.

விதிகள் இல்லாமல் இல்லை. நான்கு மணி நேரம் ஓட்டினால் அரை மணி இடைவேளை. இன்றைய வேலைக்கும் நாளைய வேலைக்கும் நடுவே குறைந்தது எட்டு மணி ஓய்வு. 1989-லேயே வகுத்தவை இவை. எட்டு மணி என்றால் தாராளமாகத் தோன்றுகிறது. வீட்டுக்குப் போவதும், குளிப்பதும், சாப்பிடுவதும், திரும்பி வேலைக்கு வந்து சேர்வதும் அந்த எட்டுக்குள்ளேதான். மிச்சந்தான் தூக்கம்.

2007 பிப்ரவரியில், ஒசாகா அருகே பனிச்சறுக்குப் பயணிகளை ஏற்றி வந்த பஸ் மோனோ ரயில் தூண் ஒன்றில் மோதிற்று. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார். உதவியாளாக உடன் வந்த அவருடைய தம்பி இறந்தான். மறு ஆண்டு போக்குவரத்து அமைச்சகம் ஓர் எல்லை வகுத்தது: ஒரு டிரைவர் ஒரு நாளில் 670 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், அதற்கு மேல் இருவர் வேண்டும். மனிதனின் களைப்பை அளக்கப் புகுந்தவர்கள் சாலையை அளந்தார்கள். இதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 2010-இல் இன்னோர் அமைச்சகமே சொல்லியும் எண் மாறவில்லை.

2012 ஏப்ரல் 29. விடுமுறைக் காலம். கனசாவா நகரிலிருந்து டோக்கியோவை அடுத்த டிஸ்னி உல்லாசபுரிக்கு ஒரு பஸ் முந்தைய இரவில் புறப்பட்டிருந்தது. தூரம் சுமார் 545 கிலோமீட்டர். சட்டத்தின் கணக்கில் ஒரே டிரைவர் போதும்! விடிவதற்குச் சற்று முன், குன்மா மாகாணத்தில் அவர் தூங்கிப்போனார். சாலையோரத்து ஒலித் தடுப்புச் சுவர் பஸ்ஸை நீளவாக்கில் பிளந்தது. ஏழு பேர் மாண்டார்கள். நீதிமன்றம் டிரைவருக்கு ஒன்பதரை ஆண்டுச் சிறை விதித்தது. 670 என்ற எண்ணை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

அதன் பிறகே எண் மாறியது: ஒரு டிரைவருக்கு இரவில் 400, பகலில் 500. அதோடும் கதை முடியவில்லை. 2016 ஜனவரியில் கருயிசாவா மலைப்பாதையில் மற்றொரு வாடகை பஸ் கவிழ்ந்து பதினைந்து பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். பெரிய பஸ் ஓட்டிப் பழகாத டிரைவர். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கட்டணத்துக்கும் கீழே பேசிய வாடகை. இனி ஐந்தாண்டுக்கு ஒரு முறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி அப்போது பிறந்தது.

2024 ஏப்ரலில் அந்தப் பழைய எட்டு மணி ஓய்வு ஒன்பதாயிற்று. பதினொன்று கொடுக்க முயல வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஒரு மணி நேரம் கூடுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மலிவான டிக்கெட் கிடைத்தால் மனம் மகிழ்கிறது. அது மனித இயல்பு. ஆனால் குறைந்த அந்தப் பணம் எங்கிருந்து குறைந்தது என்று ஒரு கணம் யோசிக்கலாம். சில சமயம் அது முன் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரின் தூக்கமாக இருக்கும்.