கிருஷ்ணசாமியின் பெயர் இல்லாத நோய்

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் நடுவே விட்டுவைத்த தீவுதான் ஸ்ரீரங்கம். கோபுரம் பார்க்க வருகிறவர்கள் தீவின் மண்ணைப் பார்ப்பதில்லை. வாழை, நெல், மழை பெய்தால் கணுக்கால் புதையும் சேறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் திருச்சியைச் சுற்றியும் அதே வயல்கள்தான். இந்த மாதிரி ஈரமண்ணில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா உண்டு. தமிழ்நாட்டு மண்ணிலும் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் அதன் கதை தொடங்குவது ரங்கூனில்.

1911. தமிழர்கள் கப்பலேறிப் பிழைக்கப் போன ஊர், அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்தது. அங்கே பெரிய மருத்துவமனையின் பிணவறையில் ஆல்ஃபிரெட் விட்மோர் என்ற பெத்தாலஜி மருத்துவரும், உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சில விநோதமான உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று எங்கும் சீழ்க்கட்டிகள். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி உருக்குலைந்தவர்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலத்தான் இருந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இது நுண்ணோக்கிக்கு அடியில் நீந்தியது. இது ஒரு முக்கிய வித்தியாசம். அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1912இல் 'இண்டியன் மெடிக்கல் கெஜட்'டில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது: இது இதுவரை யாரும் எழுதாத புது நோய்.

ஆனால் நோய்க்கு 'விட்மோர் நோய்' என்றுதான் பெயர் நின்றது. கிருஷ்ணசாமி அடிக்குறிப்பாகிப்போனார். 1921இல் மலாயாவில் ஸ்டாண்டனும் ஃப்ளெட்சரும் 'மெலியாய்டோசிஸ்' என்று வைத்தார்கள். இன்று கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமேலியை. பர்க்ஹோல்டர் யார்? வெங்காய அழுகலை ஆராய்ந்த அமெரிக்கர்! பெயர் வைக்கிற வேலையில் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது போல.

பெயர் போனால் போகட்டும். நோயையே இந்தியா மறந்ததுதான் வினை. தாய்லாந்தும் ஆஸ்திரேலியாவும் அதைத் துரத்திப் படித்தன. நமக்கு அது அயல்நாட்டு நோயாகிவிட்டது. பனிப்பாறையின் நுனியைத்தான் பார்க்கிறோமா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கேட்டது 1996இல். உலகில் ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு தெற்காசியாவுக்கு.

இன்றைக்கு மார்ஃபினுடைய இடத்தில் சர்க்கரை வியாதி இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, குடி, நெடுநாள் ஸ்டீராய்டு எல்லாமே வழி திறந்துவிடும். நூற்றில் சில பேருக்குக் கிருமி தலைக்கு ஏறும்: மூளைக்காய்ச்சல், மூளைக்குள் சீழ். முதுகுத்தண்டு நீரைப் பார்த்தால் காசநோய் மாதிரித் தெரியலாம். லேபில் வளர்ந்தாலும் 'ஏதோ சூடோமோனாஸ்' என்று ஒதுக்கிவிடுவது நடக்கிறது. மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாக ஏற்றும் செஃப்ட்ரையாக்சோனை இதற்கு நம்ப முடியாது. செஃப்டாசிடைமோ மெரோபெனமோ வாரக்கணக்கில் ஏற்றணும். அப்புறம் ஆறு மாதம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை. உடம்பு தேறிடுச்சே என்று பாதியில் விட்டால், கிருமி திரும்பி வரும்.