பெயர் கூப்பிட ஆள் இல்லாத படிப்பு



தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிட ஒருவர் உண்டு. வேலையைப் பார்வையிடவும் ஒருவர் உண்டு. பள்ளியிலும் ஆசிரியர் பெயர் கூப்பிடுவார், வீட்டுப் பாடம் கேட்பார். பல்கலைக்கழகத்திலோ மாணவன் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள வேண்டும். பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளையும் அங்கே தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

தானே படிப்பவருக்கும் பட்டம் உண்டு என்று வழி திறந்தது லண்டன் பல்கலைக்கழகம். எங்கே படித்திருந்தாலும் அதன் தேர்வை எழுதலாம் என்று 1858-இல் விதி வந்தது. பிற்காலத்தில் அந்த வழியை நாடியவர்களில் ஒருவர் நெல்சன் மண்டேலா.

1943-இல் அவர் ஜோகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். வேலை, குடும்பம், அரசியல் ஆகியவற்றுக்கு இடையே படிப்பு சிதறியது. இறுதியாண்டுத் தேர்வில் தவறி, பட்டமின்றி வெளியேறினார். வழக்கறிஞருக்கான தகுதித் தேர்வில் தேறி, 1952-இல் ஆலிவர் தாம்போவுடன் சேர்ந்து அலுவலகம் திறந்தார்.

1964-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார். பகலில் சுண்ணாம்புக் கல் உடைக்கும் வேலை; இரவில் லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பாடம். ஆயுள் கைதிக்குப் பட்டத்தால் உத்தியோகமா கிடைக்கப்போகிறது? ஆனாலும் படித்தார். இரகசியமாக எழுதிய தன்வரலாறு 1977-இல் பிடிபட்டதால், நான்கு ஆண்டுகள் படிக்கும் உரிமை பறிபோனது. பிறகு மீண்டும் புத்தகத்தை எடுத்தார். 1989-இல், கைதியாக இருக்கும்போதே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் சட்டப் பட்டம் பெற்றார். தொடங்கி 46 ஆண்டுகள் ஆகியிருந்தன!

நம் நாட்டிலும், வேலை செய்துகொண்டே பட்டம் படிக்க, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் வழி செய்தது.

இப்படிப் படிப்பவர்களுக்குக் கல்வி உளவியலார் மூன்று படிகளைச் சொல்கிறார்கள். முதலில், இந்த வாரம் எதைப் படிப்பது, எப்போது படிப்பது என்று தானே முடிவு செய்வது. அடுத்து, படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்தச் சொற்களில் சொல்லிப் பார்ப்பது. கடைசியாக, எது நின்றுபோயிற்று, ஏன் என்று கணக்குப் பார்த்து, அடுத்த வாரத்தைத் திருத்திக்கொள்வது.

பெற்றோரே, விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்தால், “எத்தனை மார்க்கு?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “எது புரியவில்லை? அதற்கு என்ன செய்யப் போகிறாய்?” என்றும் கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிலைத் தேட வேண்டியது பிள்ளைதான்.