அனுப்பிய அலுவலகம் மூடப்பட்டிருந்தது

1871 டிசம்பர் 23 அன்று யோகஹாமா துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பிய நீராவிக் கப்பலில் ஜப்பானிய அரசின் இவாகுரா தூதுக்குழு இருந்தது. அமைச்சர்கள், அதிகாரிகள், மேற்படிப்புக்குப் போகும் இளைஞர்கள் என நூறு பேருக்கு மேல். அவர்களுக்கு நடுவே ஐந்து சிறுமிகள். மூத்த இருவர் பதின்ம வயதினர். அடுத்தவள் யமகவா சுதெமாட்சு, வயது 11. நாகாய் ஷிகெகோவுக்குப் பத்து வயது இருக்கும். எல்லோருக்கும் சிறியவள் ட்சுடா உமேகோ. அவளுக்கு ஏழு வயது நிறைந்ததே நடுக்கடலில்தான். பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாச் செலவும் அரசுடையது.

பள்ளிப் பருவத்தில் அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றில் தங்கிப் படிப்பதன் வரலாற்றைப் பொதுவாகப் போரிலிருந்து தொடங்கிச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்க இளைஞர்களின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். இரண்டாம் போர் முடிந்தபின், 1947இல், அது பள்ளி மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைக்கத் தொடங்கியது. 1951இல் மிச்சிகன் மாநிலத்தில் ரேச்சல் ஆண்ட்ரசன் என்ற பெண் ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு வீடு வீடாக இடம் தேடினார். தோற்ற நாட்டின் பிள்ளைகளை வென்ற நாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தால் அடுத்த போர் வராது என்ற நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே ஒரு நாடு தன் சிறுமிகளைப் பிறர் வீட்டு மேசைக்கு அனுப்பியிருக்கிறது என்பதும், அவர்கள் திரும்பி வந்தபோது என்ன ஆனது என்பதும் இந்த வரலாற்றுக்குள் அதிகம் வருவதில்லை. போனதைப் பற்றி எழுதுகிறார்கள். வந்ததைப் பற்றி எழுதுவதில்லை.

யோசனை யாருடையது? ஹொக்கைடோ தீவைக் குடியேற்றத்துக்குத் தயார் செய்வதற்கென ஓர் அரசு ஆணையம் இருந்தது. அதன் துணைத்தலைவர் குரோதா கியோடாகா 1871இல் அமெரிக்கா போய்வந்தார். அங்கே பெண்கள் படித்தவர்களாகவும் ஆண்களோடு சரளமாகப் பேசுகிறவர்களாகவும் இருந்தது அவரைப் பாதித்தது. நாடு முன்னேற வேண்டுமானால் படித்த ஆண்கள் வேண்டும். படித்த ஆண்களை வளர்க்கப் படித்த தாய்கள் வேண்டும். ஆகவே பெண்களை அனுப்புவோம். கணக்கு இவ்வளவுதான். அந்தச் சிறுமிகள் படிக்கப் போனது அவர்களுக்காக அல்ல, அவர்களுக்கு இன்னும் பிறக்காத மகன்களுக்காக. பெண்கல்விக்காக வாதாடிய நம் சீர்திருத்தக்காரர்களும் இதே கணக்கைப் போட்டவர்கள்தான் என்பதால் எனக்கு இதைப் படித்தபோது வியப்பு ஏற்படவில்லை. சலிப்புதான் ஏற்பட்டது.

முதல் அறிவிப்புக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. இரண்டாவது முறைதான் ஐந்து பேர் கிடைத்தார்கள். ஐந்து பேருமே 1868 உள்நாட்டுப் போரில் தோற்ற ஷோகன் தரப்புக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வென்ற தரப்பினர் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. இழந்தவர்களுக்குத்தான் இழக்கத் துணிவு வரும். சுதெமாட்சு அய்சு கோட்டை முற்றுகைக்குள் இருந்த குழந்தை. எட்டு வயதில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே பெண்களோடு நின்று கோட்டைக்குள் வேலை செய்தவள். அவளுடைய பிறந்த பெயர் சாகி. கப்பலேறும் முன் தாய் அதை மாற்றினார். 'சுதெ' என்றால் கைவிடு. 'மாட்சு' என்பதில் பைன் மரமும் இருக்கிறது, காத்திருப்பதும் இருக்கிறது. உன்னைக் கைவிடுகிறேன், உனக்காகக் காத்திருக்கிறேன். அரசு ஆவணங்கள் எதிலும் இல்லாத ஒரு தாயின் குரல் மகளின் பெயரில் இருக்கிறது.

புறப்படும் முன் பேரரசி ஹருகோ அவர்களைச் சந்தித்தார். நன்றாகப் படித்து, திரும்பி வந்து, நாட்டுப் பெண்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆவணமும் தரப்பட்டது. எந்தப் பதவியில், எந்த நிறுவனத்தில், எப்படி முன்மாதிரியாவது? அதை யாரும் எழுதவில்லை.

மூத்த இருவர் ஓராண்டுக்குள்ளாகவே உடல்நலக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மற்ற மூவரும் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளுக்குப் போனார்கள். உமேகோ வாஷிங்டனை ஒட்டிய ஜார்ஜ்டவுனில், பிள்ளைகள் இல்லாத சார்லஸ் லான்மன், அடலைன் லான்மன் தம்பதியரிடம். சுதெமாட்சு நியூ ஹேவனில், லெனர்ட் பேகன் என்ற பாதிரியாரின் பெரிய குடும்பத்தில். ஷிகெகோ பக்கத்திலேயே ஆபட் குடும்பத்தில். சுதெமாட்சு அந்த ஊரின் ஹில்ஹவுஸ் ஹைஸ்கூலில் படித்தாள். பேகன் வீட்டின் கடைசி மகள் ஆலிஸ் அவளுக்கு அக்காவாகவும் தோழியாகவும் ஆனாள்.

இந்த வீட்டுப் பெண்களைப் பற்றி நின்று பேச வேண்டும். தங்கும் செலவை ஜப்பானிய அரசு கொடுத்தது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலைவாருவது, காய்ச்சலில் இரவு விழித்திருப்பது, முதல் மாதவிடாயின்போது என்னவென்று சொல்லித்தருவது, இவற்றுக்கு எந்தச் செலவுப் பட்டியலில் இடம்? ஒரு நாட்டின் ராஜதந்திரத் திட்டம் பத்து ஆண்டுகள் அடலைனின் கைவேலையில் நடந்தது. இன்றும் அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குச் சம்பளம் கிடையாது. தன்னார்வம் என்று பெயர். 'ஹோஸ்ட் மதர்' என்ற சொல் அந்த அமைப்புகளில் எவ்வளவு இயல்பாகப் புழங்குகிறது என்று கவனித்தால் யாருடைய தன்னார்வம் என்பது புரியும்.

என் தங்கை மகள் இப்படி ஒரு திட்டத்தில் ஓராண்டு அமெரிக்கப் பள்ளியில் படித்துவிட்டு வந்தாள். அனுப்பும்போது பள்ளியில் மாலை போட்டார்கள், பிளெக்ஸ் பேனர்கூட வைத்தார்கள். திரும்பி வந்தபோது அதே பள்ளி, அங்கே படித்தது செல்லாது, மறுபடி பதினொன்றாம் வகுப்பில் உட்கார் என்றது. அவளுடைய செட்டு பன்னிரண்டுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்களுக்கு அவள் எடை போட்டதுதான் பேச்சு. ஒரு நாள் என்னிடம், "பெரியம்மா, அங்க என்ன கத்துக்கிட்டேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை" என்றாள். அதன்பிறகுதான் நான் திரும்பி வந்தவர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உமேகோவிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

சுதெமாட்சுவும் ஷிகெகோவும் 1878இல் வாசர் கல்லூரியில் சேர்ந்தார்கள். ஷிகெகோ இசை படித்து 1881இல் ஊர் திரும்பினாள். மற்ற இருவருக்கும் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. 1882இல் சுதெமாட்சு பட்டம் பெற்றாள். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண். பட்டமளிப்பு விழா மேடையில் ஜப்பான் மீதான பிரிட்டனின் கொள்கையைப் பற்றி உரையாற்றினாள். அந்த ஆண்டு நவம்பரில் அவளும் உமேகோவும் யோகஹாமாவில் வந்து இறங்கினார்கள்.

அவர்களை அனுப்பிய ஹொக்கைடோ ஆணையம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டிருந்தது.

யாரிடம் போய், நாங்கள் வந்துவிட்டோம் என்று சொல்வது? கல்வித்துறையில் அவர்களுக்கென்று எந்தத் திட்டமும் இல்லை. உமேகோவுக்கு ஜப்பானிய மொழி அடியோடு மறந்துவிட்டது. பெற்ற தாயோடு பேச இடையில் ஆள் வேண்டும். சுதெமாட்சுவுக்குப் பேச்சு ஓரளவு மிச்சமிருந்தது, எழுத்து இல்லை. ஆசிரியப் பணி ஒன்று பேச்சுக்கு வந்தும், பாடநூலை வாசிக்க முடியாத நிலையில் அது கைகூடவில்லை.

இங்கேதான் அவளுடைய அண்ணன் கென்ஜிரோவை அருகில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அதே தோற்ற அய்சுக் குடும்பம். அதே ஹொக்கைடோ ஆணையம்தான் அவரையும் அதே 1871இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். தங்கைக்கு ஜப்பானிய மொழி மறந்துவிடக் கூடாது என்று நியூ ஹேவனில் பாடம் எடுத்தவரும் அவர்தான். 1875இல் திரும்பினார். உடனே ஆசிரியப் பணி. 1879இல் நாட்டின் முதல் ஜப்பானிய இயற்பியல் பேராசிரியர். 1901இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் தலைவர். தங்கை அவரைவிடக் குறைவாகப் படித்தவளோ கெட்டிக்காரத்தனத்தில் குறைந்தவளோ அல்ல. அவருக்கான நாற்காலியைச் செய்துவைத்துவிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு நாற்காலி என்று ஒன்று இருப்பதாகவே நினைக்கவில்லை.

இருந்த ஒரே இடம் திருமணம். 1883இல் சுதெமாட்சு போர் அமைச்சர் ஓயாமா இவாவோவை மணந்தாள். பதினேழு பதினெட்டு வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். எல்லாவற்றுக்கும் மேல், அய்சு கோட்டையைத் தாக்கிய படையில் இருந்தவர். அவள் விலைபோய்விட்டாள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அமைச்சர் மனைவி என்ற அந்த இடத்திலிருந்துதான் 1884இல் உயர்குடிப் பெண்களைத் திரட்டி அறக்கொடைச் சந்தை நடத்தி, தாதியர் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் திரட்டினாள். அதற்குப் பரிசாக என்ன கிடைத்தது தெரியுமா? நூற்றாண்டின் கடைசியில் வந்த 'ஹொதொதொகிசு' என்ற பெரும்புகழ் நாவலில் ஒரு கொடுமைக்காரச் சிற்றன்னை வருகிறாள், வெளிநாட்டில் படித்தவள். அது சுதெமாட்சுதான் என்று ஊர் முடிவுகட்டியது.

ஷிகெகோ ஒருத்திக்கு வழி சற்று நேராக அமைந்தது. அமெரிக்காவிலேயே பழகிய கடற்படை அதிகாரி உரியூ சொதொகிச்சியை விரும்பி மணந்தாள். பியானோவுக்கு எழுத்து தேவையில்லை என்பதால் அரசு இசைப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை ஆனாள். பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே நெடுங்காலம் சம்பாதித்தாள்.

உமேகோ மணக்கவில்லை. மணமில்லாத பெண்ணுக்குப் பெயர்கூட இல்லாத சமூகத்தில், கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அடலைனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் கடிதமாக எழுதிக் குமுறினாள். பெற்ற தாயிடம் சொல்ல மொழி இல்லாததை வளர்த்த தாயிடம் சொன்னாள். மூன்று பத்தாண்டுக் காலம் நீண்ட அந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் 1984இல் அவள் நிறுவிய கல்லூரிக் கட்டடத்தின் பரணில் கண்டெடுக்கப்பட்டன. அரசு ஆவணக் காப்பகத்தில் அல்ல, பரணில். பெண்களின் வரலாறு எங்கே கிடைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1885இல் உயர்குடிப் பெண்களுக்கான பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே அவளுக்கு மூச்சு முட்டியது. பிரபுக்களின் மகள்களைப் பிரபுக்களின் மனைவிகளாக ஆக்கும் வேலை. 1889இல் விடுப்பு பெற்று மீண்டும் அமெரிக்கா போனாள், இம்முறை தன் விருப்பத்தில், ப்ரின் மார் கல்லூரிக்கு. உயிரியல் படித்தாள். தாமஸ் ஹன்ட் மார்கனோடு சேர்ந்து தவளை முட்டை பற்றி அவள் செய்த ஆய்வுக் கட்டுரை 1894இல் வெளிவந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே மார்கன்தான். அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர வாய்ப்பு இருந்தது. 1892இல் ஊர் திரும்பினாள்.

திரும்பும் முன் அவள் செய்த ஒரு காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் படிக்க ஓர் உதவித்தொகைக்கு ஃபிலடெல்ஃபியா பெண்களிடம் பேசி 8000 டாலர் நிதி திரட்ட ஏற்பாடு செய்தாள். அரசுப் பணம் அல்ல. அமைச்சரோ ஆணையமோ இல்லை. நிதியும் தேர்வும் பெண்கள் குழுவின் கையில். ஓர் அலுவலகம் கலைந்தால் அதோடு கலைந்துபோகிற ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதை 17 வயதில் துறைமுகத்தில் நின்று கண்டவள் அல்லவா. ஆனால் உதவித்தொகை பாதி வேலைதான். போகிறவள் திரும்ப வர ஓர் இடம் வேண்டுமே.

1899இல் அரசு பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் குறிக்கோள் 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்'. குரோதாவின் பழைய கணக்கு, இப்போது சட்டமாக. அதற்கு அடுத்த ஆண்டு, 1900இல், உமேகோ அரசுப் பதவியை உதறிவிட்டு டோக்கியோவில் வாடகை வீட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினாள். முதல் நாள் பத்து மாணவிகள். நோக்கம், ஆங்கில ஆசிரியையாகித் தன் காலில் நிற்கும் பெண்களை உருவாக்குவது. சுதெமாட்சு பள்ளிக்கு ஆதரவாக நின்றாள், ஷிகெகோவும். அமெரிக்காவிலிருந்து ஆலிஸ் பேகன் கப்பலேறி வந்து இரண்டு ஆண்டுகள் கற்பித்தாள். ஒருவழிப் பாதையாக அரசு போட்ட திட்டத்தை முப்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பெண்கள்தான் உண்மையான பரிமாற்றமாக ஆக்கினார்கள்.

1919 தொடக்கத்தில் நோயால் உமேகோ விலகியபோது அடுத்த தலைவியைத் தேடி அலைந்தவள் சுதெமாட்சு. ஆளைக் கண்டுபிடித்த கையோடு, பிப்ரவரியில், உலகைச் சூறையாடிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் இறந்துபோனாள். பள்ளி இன்று ட்சுடா பல்கலைக்கழகம். 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட 5000 யென் நோட்டில் உமேகோவின் முகம் இருக்கிறது.

நான் அந்த நோட்டைவிட வேறொரு வருடத்தைத்தான் அதிகம் நினைக்கிறேன். உமேகோவின் உதவித்தொகையில் ப்ரின் மார் போன காவாய் மிச்சி 1904இல் பட்டம் பெற்றுத் திரும்பினாள். அவளுக்காக உமேகோவின் பள்ளியில் ஆசிரியை வேலை காத்திருந்தது.