விளக்கும் குடமும்



தேர்தல் பிரசாரத்தில் தெரிந்தே பொய் சொல்வதைக் குற்றமாக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பல நாடுகளில் அடிபடுகிறது. தென் அவுஸ்திரேலியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டமே தவறான தேர்தல் விளம்பரத்தைத் தடைசெய்கிறது. வேல்ஸ் அரசாங்கமும் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவருவதாக வாக்குறுதி கொடுத்தது. அதை வாசித்தபோது எனக்கு 1982 மார்கழிதான் ஞாபகம் வந்தது.

மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒக்ரோபரில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். அடுத்தது பாராளுமன்றத் தேர்தல். விகிதாசார முறையில் அது நடந்தால் 1977இல் கிடைத்த ஆறில் ஐந்து பெரும்பான்மை கையை விட்டுப் போய்விடும். ஆகவே தேர்தலே வேண்டாம், இருக்கிற பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீடிப்போம் என்று சர்வசன வாக்கெடுப்பு வைத்தார். நீடிக்க விளக்கு, மறுக்கக் குடம்.

அதற்கு அவர் சொன்ன காரணம் ஒரு 'நக்சலைட்' சதி. சுதந்திரக் கட்சிக்குள் ஒரு கூட்டம் தன்னையும் வேறு சிலரையும் கொன்று ஆட்சியைப் பிடிக்கத் திட்டமிட்டது என்றார். நடிகர் விஜய குமாரதுங்க கைதானார். பிறகு? வழக்கு ஒன்றும் வரவில்லை. அவரை விட்டுவிட்டார்கள்.

இதற்குச் சட்டம் இருக்கவில்லையா? ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்பது 1895இலேயே பிரித்தானியாவில் வந்த சட்டம். இலங்கைத் தேர்தல் சட்டத்துக்குள்ளும் அது வந்தது. அதன்படிதான் 2010இல் பிரித்தானியாவில் ஃபில் வூலஸின் பதவி பறிபோனது. ஆனால் அந்தச் சட்டம் வேட்பாளரின் பெயரைத்தான் காக்கிறது, வாக்காளரை அல்ல. வாக்கெடுப்பிலோ வேட்பாளரே இல்லை. விளக்கையும் குடத்தையும் யார் அவதூறு செய்வது!

அப்படியானால் அன்று பொய்யைத் தடுக்கும் சட்டம் இருந்திருந்தால்? எனக்குப் பயம்தான் வருகிறது. அது ஜே.ஆரின் கையில் அல்லவா இருந்திருக்கும். கம்பஹாவில் 'பெவிதி ஹண்ட' என்ற மதகுருமார் அமைப்பு, வாக்கெடுப்பை எதிர்த்து அச்சடித்த இருபதாயிரம் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அதிகாரி உடுகம்பொல பறிமுதல் செய்தார். அமைப்பின் செயலாளர் ரத்னசார தேரர் உயர் நீதிமன்றம் போனார். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 1983இல் தீர்ப்பு வந்தது, பத்தாயிரம் ரூபா நட்டஈடும் விதித்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? காசைத் தானே கட்டி, உடுகம்பொலவுக்குப் பதவி உயர்வும் கொடுத்தது.

வேல்ஸ்காரர்களின் நோக்கம் நல்லது. ஆனால் பொய் எது என்று தீர்மானிப்பவரை ஆட்சியில் இருப்பவர் தொட முடியாது என்ற உறுதி முதலில் வேண்டும். தண்டனை எவ்வளவு என்பது அதற்குப் பிறகு பேச வேண்டிய விசயம்.

டிசெம்பர் 22இல் விளக்குக்கு 54.7 வீதம் விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது வாக்கு இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் குடம்தான். ஏழு மாதத்தில் 83 யூலை வந்தது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. அதற்குள் இந்த மண்டபத்தில் இருக்கிற பலர் யேர்மனியில் அகதி முகாம்களில் இருந்தோம்.