ஒத்தும் ஒத்திகையும்

ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் ‘அவன் ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். சொந்தமாக யோசிக்காமல் பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்று பொருள். ஒத்தை ஒருமுறையாவது வாயில் வைத்து ஊதிப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கு வருத்தம் தரும். மேளத்தில் ஒத்து ஊதுவது சாதாரண வேலை அல்ல. ஒரு தலைமுறைக்கு முன்புவரை எத்தனையோ நாதஸ்வரக்காரர்களின் கல்வி அங்கிருந்துதான் தொடங்கியது.

ஒத்து பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து ஸ்வரம் எழுப்பும் துளைகள் கிடையாது. அது தருவது ஒரே ஒரு சுருதி. அந்தச் சுருதி அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, அதைச் சீவாளிக்குள் தள்ளுகிற அதே நேரத்தில் மூக்கால் புதுக் காற்றை இழுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில், பள்ளிக்கூடம் போகும் வயதில், சுவாமிக்கு முன்னால் நடந்த மேளத்தோடு நான்கு வீதியும் சுற்றியிருக்கிறேன். ஒத்து ஊதிய பையனுக்கும் என் வயதுதான் இருக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவன் கன்னம் உப்பி வடிவதும் நெற்றி நரம்பு புடைப்பதும் தெரிந்தது. ஒரு முனையில் மூச்சு தடுமாறிச் சுருதி கொஞ்சம் இறங்கியது. முன்னால் நின்ற நாயனக்காரர் திரும்பக்கூட இல்லை. வாசித்துக்கொண்டிருந்த ராகத்தில் ஷட்ஜத்துக்கு வந்து அங்கேயே நீளமாக நின்றுவிட்டார். பையன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டான். பிறகு ஆலாபனை தொடர்ந்தது.

இளம் கலைஞர்களை மற்றவர்களோடு சேர்த்து வாசிக்க வைத்து வளர்ப்பது பற்றி எங்கே பேச்சு வந்தாலும், என் நினைவுக்கு வருவது அந்த நீண்ட ஷட்ஜம்தான். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, முற்றிலும் வேறொரு மண்ணில் வளர்ந்த ஒரு முறையை எடுத்துக்கொள்கிறேன். அது வெனிசுவேலாவின் ‘எல் சிஸ்தேமா’.

1975இல் தலைநகர் காரகாஸில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்ற பொருளியலாளரும் இசைஞருமான ஒருவர், ஒரு கார் கொட்டகையில் இளைஞர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றைத் தொடங்கினார். நம் ஊர்க் கல்யாண மேடை ஆர்கெஸ்ட்ராவை மனத்தில் கொள்ள வேண்டாம். இது வயலின், செல்லோ, ஓபோ, டிரம்பெட் என்று ஒவ்வொருவரும் தமக்கு எழுதப்பட்ட இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும் சிம்பொனி. நூறு பேருக்காக, இருவருக்கு ஒன்று என்று, இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுகள் ஐம்பது போட்டு வைத்திருந்தார். முதல் நாள் வந்தவர்கள் பதினொரு பேர். கடையைக் கட்டிவிடலாமா, நூறாகப் பெருக்கலாமா என்ற கேள்விக்கு அவர் அன்றே விடை முடிவு செய்துகொண்டதாகப் பின்னாளில் சொன்னார். அந்தப் பதினொன்று நாடெங்கும் ‘நூக்லியோ’ எனப்படும் பயிற்சி மையங்களாகி, பல லட்சம் பிள்ளைகளைத் தொட்டது. அங்கே வயலின் பிடித்து வளர்ந்த பார்கிசிமேத்தோ நகரத்துச் சிறுவன் குஸ்தாவோ துதாமெல், 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார்.

நூக்லியோவில் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வருகிறார்கள். மாலைப் பொழுது முழுவதும் அங்கேதான், வாரத்தில் ஏறக்குறைய எல்லா நாளும். தனியாகப் பாடம் படித்துத் தேறிய பிறகுதான் குழுவில் இடம் என்ற விதி அங்கே இல்லை. குழுவில் உட்கார்ந்தபடியேதான் பாடம். மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் ‘காகித ஆர்கெஸ்ட்ரா’ என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அட்டையாலும் காகிதக் கூழாலும் ஒரு வயலின் செய்கிறார்கள். அதில் சத்தம் வராது. அதைத் தோளில் வைக்கவும், வில்லைப் பிடிக்கவும், நடத்துநரின் கையைப் பார்க்கவும், பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து தொடங்கவும் நிறுத்தவும் பிள்ளை கற்கிறது. ஸ்வரத்தை வாயால் பாடுகிறது. சத்தம் வருகிற வயலின் கைக்கு வரும்போது, குழுவில் இருப்பது எப்படி என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒத்தும் அட்டை வயலினும் ஒரே எண்ணத்தின் இரண்டு உருவங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வித்தை கைக்கு வருமுன்பே பிள்ளையைச் சபைக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவனுக்குச் சின்னதாக ஒரு வேலை தரப்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிட முடியாது. அட்டை வயலினில் தப்பு நடந்தால் யார் காதிலும் விழாது. ஒத்தில் தப்பினால் வீதியே கேட்கும். காரகாஸ் பிள்ளைக்குக் கிடைப்பது பத்திரம். தஞ்சாவூர் மேளத்துப் பையனுக்குக் கிடைப்பது பொறுப்பு.

இன்னொரு ஒற்றுமை வியப்பைத் தரும். சிம்பொனி தொடங்குமுன் அத்தனை பேரும் சுருதி சேர்ப்பது ஓபோ தரும் ஒரு ஸ்வரத்துக்கு. ஓபோவும் நாதஸ்வரத்தைப் போலவே இரட்டை நாணல் வைத்து ஊதும் குழல்தான், ஒரு வகையில் சீவாளிக் குடும்பம். இரண்டு ஊர்களிலும் இளம் காது முதலில் பணிவது அப்படியொரு குரலுக்கு. ஓபோ சில நொடிகள் ஊதிவிட்டு நின்றுவிடும், அதன் பிறகு சுருதியை ஒவ்வொருவரும் உள்ளே வைத்துக் காக்க வேண்டும். ஒத்து நிற்பதில்லை. இரவு முழுவதும் ராகத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பல வருடம் அதை ஊதியவனுக்கு, ஒவ்வொரு ஸ்வரமும் ஷட்ஜத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிழையை இரு முறைகளும் எப்படி நடத்துகின்றன என்பதில்தான் உண்மையான பிரிவு இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவில் ஒத்திகை என்பது நிறுத்தி நிறுத்திச் செய்யும் வேலை. முதலில் வயலின்காரர்கள் தனியாக, செல்லோக்காரர்கள் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து தங்கள் பகுதியைத் தேய்ப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்வார்கள். எட்டு பார் வாசித்ததும் நடத்துநர் கையை மடக்குவார். ‘இங்கே எல்லாரும் கொஞ்சம் முந்துகிறீர்கள், பாதி வேகத்தில் மறுபடி’ என்பார். அதே எட்டு பார், பத்து முறை. இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. ஒருவன் வாசித்துக்கொண்டே இருக்க, மற்றவன் வில்லை எடுத்துவிட்டுத் தாளைப் புரட்டுவான். தேறியவனும் புதியவனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், புதியவன் கையைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்கிறான். பிழை செய்தவன் பெயர் சொல்லி நிறுத்தப்படுவதில்லை, வரிசையே நிறுத்தப்படுகிறது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதைச் சொல்லி முடியாது.

மேளத்துக்கு இப்படிப்பட்ட ஒத்திகை கிடையாது. விடியற்கால சாதகம் உண்டு. குருவிடம் பாடம் உண்டு. ஆனால் செட்டாகச் சேர்ந்து வாசிப்பது கோயிலிலும் கல்யாண வீட்டிலும்தான். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி தொடங்கிவிட்டால், யாரும் கையைக் காட்டி நிறுத்த முடியாது. துணை நாயனம் வாசிக்கும் இளைஞன் பெரியவரோடு சேர்ந்து போகிறான். மூன்று காலமும் அவர் மாறுகிற இடத்தில் மாறுகிறான். ஆலாபனையில் அவர் ஒரு பிடியை விட்டுவிட்டுச் சீவாளியை மாற்றும் அந்தச் சில கணங்களில் ராகம் இவன் கையில் இருக்கிறது. அவர் நின்ற இடத்திலிருந்து எடுத்து, ராகத்தின் முகம் கோணாமல் கொஞ்சம் நடத்தி, அவர் மறுபடி நுழைய வசதியாக ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதற்கு இசைத்தாள் எதுவும் இல்லை. அவன் முடிவெடுத்தாக வேண்டும். தவிலிலும் அப்படித்தான். மூத்தவர் ஒரு நடையை விரித்து முடிக்க, இளையவர் அதற்குப் பதில் சொல்லி, கடைசிக் கோர்வையில் இருவர் கையும் ஒன்றாக விழ வேண்டும். தவறினால் திருத்தும் சொல் வாயிலிருந்து வராது, அடுத்த ஆவர்த்தனத்தில் மூத்தவரின் தவிலிலிருந்து வரும்.

காருகுறிச்சி அருணாசலம் அப்படித்தான் வளர்ந்தார். 1921இல் பிறந்த அவர், திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் மேளத்தில் துணை நாயனமாக வாசித்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் கற்பனை அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்று இரவு இரவாக அந்த ஓட்டத்தைத் தொடர்ந்து போனவர், பிறகு தனியாக எழுந்தபோது தன் குரலோடு எழுந்தார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். துணை போகத் தெரிந்த ஒருவர் முன்னால் வந்தும் எவ்வளவு இதமாக வாசிக்கிறார் பாருங்கள்.

இந்த இடத்தில் நான் மேளத்தின் பக்கமே நிற்கிறேன். எழுதியதை அப்பழுக்கில்லாமல் வாசிக்க ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை கற்றுக்கொடுக்கும். எழுதாததை, மற்றவரோடு சேர்ந்து, அந்த நேரத்தில் உண்டாக்க மேளமே கற்றுக்கொடுக்கும். எல் சிஸ்தேமாவை நேரில் ஆராய்ந்த ஜெஃப்ரி பேக்கர் 2014இல் எழுதிய நூலிலும் இந்தக் குறை பேசப்படுகிறது. நடத்துநர் சொல்வதும் நூறு பேர் கீழ்ப்படிவதுமாக இருக்கும் ஒரு முறை, பிள்ளைகளுக்குக் கூடிச் செயல்படக் கற்றுத்தருகிறதா, அடங்கி நடக்கக் கற்றுத்தருகிறதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் அதே கேள்வியை நம் பக்கமும் திருப்ப வேண்டும். குருகுலத்தில் பையன் வாசிப்பை மட்டும் கற்கவில்லை. வீட்டு வேலை செய்தான், அடி வாங்கினான், வருடக்கணக்கில் ஒத்தை விட்டு நகர முடியாமல் காத்திருந்தான். பொறுமையாகத் தூக்கிவிட்ட குருமார்கள் இருந்தார்கள், கடைசிவரை தூக்கிவிடாதவர்களும் இருந்தார்கள். அவனுக்கு அமைந்த குருவைப் பொறுத்தது அவன் விதி.

கதவைப் பற்றியும் பேச வேண்டும். மேளத்தின் கதவு பெரும்பாலும் பிறந்த வீட்டை வைத்தே திறந்தது. குறிப்பிட்ட சில சமூகங்களின் ஆண் பிள்ளைகளுக்கு அது வீட்டுக் கதவு, மற்றவர்களுக்கு மதில். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் ஒரு பெண்ணாக நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தது அதனால்தான் இன்றும் வியந்து பேசப்படுகிறது. ஆந்திரத்தின் கரவதி கிராமத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் நிலைத்து, தஞ்சாவூர்ப் பாணியைத் தன்னுடையதாக்கி, பிறருக்கும் சொல்லிக்கொடுத்த ஷேக் சின்ன மௌலானாவைப் பற்றிப் பேசும்போதும் அதே வியப்பு. விதிவிலக்குகளை இவ்வளவு ஆசையோடு நினைவு வைத்திருக்கிறோம் என்றால், விதி எவ்வளவு கெட்டியாக இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். காரகாஸில் கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. குடிசைப் பகுதியிலிருந்து வரும் பெண் பிள்ளைக்கும் வாத்தியம் இலவசம், ஸ்டாண்டில் பாதி அவளுக்கு. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியோடு சேர்ந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் ஏழைப் பிள்ளைகளுக்கு அப்படியொரு கதவைத் திறந்தது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அந்த அளவில் ஒரு கதவு நம்மிடம் இல்லை.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் எத்தனையோ ஊர்களில் இந்த வாத்தியங்கள் அடுத்த தலைமுறைக்குப் போயிருக்காது. சாதி கேட்காமல் நாதஸ்வரமும் தவிலும் சொல்லித்தருகிறார்கள். நான் ஒரு பயிற்சிக்கூடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். ஓர் அறையில் நான்கு பையன்கள் நாதஸ்வரத்தில் வர்ணம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடைக்கு அப்பால் இன்னோர் அறையில் தவில் வகுப்பு. வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு இரண்டு மாணவிகள் அருமையாகச் சொல் எழுப்பினார்கள். இரண்டு அறைக்கும் இடையில் பத்தடி. ‘சேர்ந்து வாசிப்பீர்களா?’ என்று கேட்டேன். ‘ஆண்டு விழாவுக்கு வாசிப்போம், சார்’ என்றான் ஒரு பையன். வருடத்துக்கு ஒருமுறை. காரகாஸ் முறைப்படி பார்த்தாலும் அது போதாது, தஞ்சாவூர் முறைப்படி பார்த்தாலும் போதாது.

வெளியிலும் மேளம் சுருங்கிவிட்டது. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று இருந்த செட், செலவைக் குறைக்க ஒரு நாயனமும் ஒரு தவிலுமாக வருகிறது. ஒத்தின் இடத்தில் சுருதிப்பெட்டி வந்து நாளாயிற்று. பெட்டி களைப்படையாது, சுருதி இறங்காது. ஆனால் அந்த இடத்தில் நின்று வளர வேண்டிய பையனுக்கு நிற்க இடமில்லாமல் போனது. துணை நாயனம் போனதோடு இரண்டாம் படியும் போயிற்று. முதல் படியும் இரண்டாம் படியும் இல்லாத ஏணியைக் காட்டி, இளைஞர்கள் ஏறி வருவதில்லை என்று குறைப்படுகிறோம்.

கதவைக் காரகாஸ் போல அகலமாகத் திறக்க வேண்டும். உள்ளே வந்த பிள்ளைக்கு மேளம் தந்த பொறுப்பைத் தர வேண்டும். ஒத்திகையில் பத்து முறை நிறுத்தித் திருத்துங்கள், பதினோராவது முறை நிறுத்தாமல் வீதிக்கு அனுப்புங்கள். பயிற்சிக்கூடங்களில் வாரம் ஒரு நாளாவது அந்த இரண்டு அறைப் பிள்ளைகளையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வையுங்கள். சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு ஒருவரை ஒத்து ஊதச் சொல்லுங்கள்.

கோயில் காரியக்காரர்களுக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேளம் பேசும்போது, ‘ரெண்டு பேர் போதும்’ என்று சொல்லாதீர்கள். துணைக்கு ஒரு இளைஞனையோ பெண்ணையோ அழைத்து வரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.