மீசை வைத்த அம்மா: குழந்தைமையக் கல்வி நம்மிடம் வந்த வழி

மாண்டிசோரி என்ற பெயரை இன்று தமிழ்நாட்டின் சிறுநகரங்களில்கூடப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காண்கிறோம். பெரும்பாலான பெற்றோருக்கு அச்சொல் ஆங்கிலவழி, மழலையர் வகுப்பு, அதிகக் கட்டணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிப்பது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறு வேறு. ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கி, குஜராத்தில் ஒரு தந்தையின் கவலை வழியாக மகாராஷ்டிரத்துப் பழங்குடியினரின் வீட்டு முற்றங்கள்வரை செல்லும் வரலாறு அது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் முறையின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவர்களில் முக்கியமானோர் பெற்றோரே. ஆகவே அவர்கள் அதை அறிந்திருப்பது நல்லது.

மரியா மாண்டிசோரி (1870-1952) அடிப்படையில் மருத்துவர். 1896-இல் ரோமில் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுடன் பணியாற்றியபோது, கைகளுக்கு வேலை கொடுத்தால் அவர்களின் அறிவும் விழிக்கிறது என்பதைக் கண்டார். 1907 ஜனவரி 6 அன்று சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அதன் காரணம் கல்வி இலட்சியம் அல்ல என்பது வேடிக்கை. குடியிருப்பைச் சீரமைத்த நிறுவனத்துக்கு, பெற்றோர் வேலைக்குச் சென்றபின் குழந்தைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. அங்கே அமர்த்தப்பட்ட பெண் ஆசிரியப் பயிற்சி பெற்றவரும் அல்லர்.

அவ்வில்லத்தின் விதிமுறைகளில் ஒன்று நம் கவனத்துக்குரியது. கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் குழந்தையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும். தாய் வாரத்துக்கு ஒருமுறையேனும் வந்து பொறுப்பாளருடன் குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளி குடியிருப்புக்குள்ளேயே இருந்ததால், கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணும் எந்நேரமும் எட்டிப்பார்க்க முடிந்தது. பெற்றோரைச் சாலைக்கு அப்பால் நிறுத்திவைக்கும் வாயிற்கதவு அங்கே இல்லை.

இம்முறையின் உள்ளியக்கத்தை ஒரு கருவியைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். ஒவ்வொன்றும் அளவில் சிறிது வேறுபடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு, குழந்தை மீண்டும் பொருத்துகிறது. ஓர் உருளை தவறான குழிக்குள் சென்றுவிட்டால், இறுதியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். தவறு என்று சொல்ல ஆசிரியர் தேவையில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. குழந்தை வெட்கப்படாமல், அடிவாங்காமல், மறுபடியும் தொடங்குகிறது. கணக்கிலும் அப்படித்தான். ஒற்றை மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரம் என்பது ஒன்றுக்குப் பின் மூன்று சுழிகள் என்று அறியுமுன்பே, அதன் கனத்தைக் குழந்தை கையால் தூக்கிப் பார்த்துவிடுகிறது.

எழுத்தைக் கையால் தொட்டறிவது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இங்கத்திய பள்ளியொன்றில் அதைக் கண்டு தன் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகளிலும் விரல்தான் முதலில் கற்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. திண்ணையில் என்ன எழுதுவது, எப்போது எழுதுவது, எத்தனை முறை எழுதுவது என்பதெல்லாம் பிரம்பு வைத்திருந்தவரின் முடிவு. குழந்தைகள் இல்லத்தில் அந்தத் தேர்வு குழந்தையிடம் விடப்பட்டது.

இந்த எண்ணத்தை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்தவர் கிஜுபாய் பதேகா (1885-1939). குஜராத்தைச் சேர்ந்த இவர் பிழைப்புக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று திரும்பி, சட்டம் படித்து வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1913-இல் மகன் பிறந்தான். தான் படித்த பள்ளி எப்படிப்பட்டது என்பது அவருக்கு நினைவிருந்தது. அங்கே தன் மகனை அனுப்ப மனம் வரவில்லை. மாற்று வழியைத் தேடியபோது மாண்டிசோரியைப் பற்றிய நூல் கைக்கு வந்தது. 1916-இல் வழக்குமன்றத்தை விட்டு பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே பால்மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். கல்வித்துறை அறிஞராக அல்ல, கவலை கொண்ட தகப்பனாகவே அவர் இத்துறைக்குள் நுழைந்தார் என்பதை மறக்கலாகாது.

பிள்ளைகள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். ஊரார் அவருக்கு 'மீசை வைத்த அம்மா' என்று பெயரிட்டார்கள். காலப்போக்கில் அது பட்டமாகவே நிலைத்துவிட்டது.

கிஜுபாய் மாண்டிசோரியின் எதிரொலி அல்லர். சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் சொல்வதில் மாண்டிசோரிக்குத் தயக்கம் இருந்தது. உண்மை உலகை அறியுமுன் மாய உலகம் வேண்டாம் என்பது அவர் கருத்து. கிஜுபாயோ நாட்டார் கதையைப் பள்ளியின் நடுவில் வைத்தார். பாட்டும் நாடகமும் தோட்டமும் மண்பொம்மையும் பால்மந்திரின் அன்றாடமாயின. குஜராத்தி மொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நூல்களை எழுதினார். கதை சொல்லும் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். மேலைநாட்டுக் கருவி ஒன்றைக் கடன் வாங்கியவர், தன் மொழியின் பாட்டிக் கதைகளால் அதற்குக் கைப்பிடி போட்டுக்கொண்டார் எனலாம்.

1932-இல் வெளிவந்த அவருடைய 'திவாஸ்வப்னா' (பகல் கனவு) புனைவு வடிவில் அமைந்த கல்விப் பரிசோதனை. ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் அனுமதி பெற்று, நான்காம் வகுப்பை ஓராண்டு தன் முறைப்படி நடத்துகிறார். இலக்கிய வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் இது. காரணம், தன் நாயகனை முதல் நாளே தோற்கவைக்கும் துணிவு அதற்கு இருக்கிறது. புத்தகத்தில் படித்த மௌன விளையாட்டை அவர் தொடங்குகிறார். பிள்ளைகளோ கூச்சலிட்டு அதை நொறுக்கிவிடுகிறார்கள். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், வகுப்பு வசப்படுகிறது. சக ஆசிரியர்களின் ஏளனம், தேர்வு பற்றிய அச்சம், பெற்றோரின் அலட்சியம் எல்லாம் அதில் வருகின்றன. பெற்றோர் கூட்டத்துக்கு மிகச் சிலரே வருகிறார்கள். பெற்றோருக்கென்று கிஜுபாய் எழுதிய மற்றொரு நூலின் தலைப்பின் பொருளே 'பெற்றோர் ஆவது கடினம்' என்பதுதான்.

கிஜுபாய் 1939 ஜூன் மாதம் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி சென்னை வந்து சேர்ந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சியில் ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தனர். சில மாதப் பயணமாக வந்தவரைப் போர் பிடித்து நிறுத்தியது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவருடைய மகன் மாரியோ பகைநாட்டவர் என்று அகமதுநகரில் சிறைவைக்கப்பட்டார். மாண்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார். பின்னர் கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில்தான், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான பாடமுறை விரிவாக உருப்பெற்றது. செடி, பூச்சி, பாறை, விண்மீன், மனித வரலாறு ஆகிய அனைத்தையும் தனித்தனிப் பாடங்களாகக் கூறுபோடாமல், ஒன்றோடொன்று பிணைந்த ஒரே கதையாகக் குழந்தைக்கு அளிக்கும் முறை அது. அவரது புகழ்பெற்ற 'உள்வாங்கும் மனம்' நூலின் முதல் பதிப்பு 1949-இல் அடையாற்றில்தான் அச்சாயிற்று. உலகெங்கும் பேசப்படும் ஒரு கல்விமுறையின் பிற்பகுதி நம் மண்ணில் வளர்ந்தது என்பது நம்மிலேயே பலர் அறியாத செய்தி.

வரலாற்றின் அடுத்த கட்டத்தை நடத்தியவர் தாராபாய் மோடக். பாவ்நகரில் கிஜுபாயுடன் பணியாற்றியவர். நகரத்து மழலையர் பள்ளிகள் வசதியுள்ளோருக்கு மட்டுமே பயன்படுகின்றன என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. 1945-இல் மகாராஷ்டிரக் கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் துணைநின்றார். பள்ளியைத் திறந்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடவில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் ஆடு மாடு மேய்க்கவும் அவர்களுக்கு வேலை இருந்தது. ஆகவே தாராபாய் பள்ளியைப் பிள்ளைகளின் முற்றத்துக்கே கொண்டுசென்றார். இறக்குமதிக் கருவிகளுக்குப் பதிலாக விதை, கூழாங்கல், சிப்பி, இலை. 1957-இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. முற்றத்தில் நடந்த அப்பள்ளிக்கு இட்ட பெயர் அங்கன்வாடி. அங்கணம் என்றால் முற்றம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அச்சொல்லை நாடெங்கும் கொண்டுசேர்த்தது.

தமிழ்நாட்டில் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலும், பின்னர் 2007 முதல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அட்டைகள், ஏணிப்படிகள், தரையில் வட்டமாக அமரும் குழுக்கள், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. அப்போதும் எழுந்த கேள்வி பழையதுதான்: "இதெல்லாம் விளையாட்டு, படிப்பு எங்கே?"

அக்கேள்வியைக் கேட்கும் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையின் படிப்பு ஒன்றே குடும்பத்தின் ஏற்றத்துக்கு வழி என்றிருக்கும் வீட்டில், நோட்டுப் புத்தகத்தில் நிரம்பிய பக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் ஆதாரம். பொருந்தாத உருளையை நான்காம் முறையாக எடுத்துப் பார்க்கும் பிள்ளையின் கவனம் அப்படித் தெரிவதில்லை. ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கலாம். அடுத்தமுறை ஒரு மழலையர் பள்ளிக்குள் நுழையும்போது பலகையில் உள்ள பெயரைப் பார்க்க வேண்டாம். கருவிகள் அலமாரியில் பூட்டியிருக்கின்றனவா, பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு செய்த குழந்தை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறதா, தன் கையிலுள்ள பொருளைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். வகுப்பில் கதை எந்த மொழியில் சொல்லப்படுகிறது என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை வந்து பேச உங்களை அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள்.

இவற்றுக்கு நல்ல விடை, கட்டணம் மிகுந்த பள்ளியில் கிடைக்காமல் போகலாம். தெருக்கோடி அங்கன்வாடியில் கிடைத்துவிடவும் கூடும்.